காசிக்குப் போகாத நாலு டிக்கெட்: ரீஃபண்ட் வாங்க ஆன 17 மாதம்

2020 ஏப்ரல் 10-ம் தேதி நாங்கள் சென்னையிலிருந்து வாரணாசிக்குப் பறந்திருக்க வேண்டும். போகவில்லை. அந்த டிக்கெட் பணத்தில் கடைசித் தவணை என் கணக்குக்கு வந்தது 2021 செப்டம்பர் 14 அன்று. மொத்தம் 38,800 ரூபாய். அந்த வருஷம் எங்கள் வீட்டில் சம்பளம் பாதியாகிவிட்டிருந்தது, அப்பாவுக்கு மாத்திரைச் செலவு இரண்டு மடங்கு. அதனால் இது எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. இன்னமும் இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

நான், மனைவி, அப்பா, அம்மா என்று நாலு பேர். ஜனவரியில் ஒரு ஆன்லைன் பயணத் தளத்தில் புக் செய்தேன். போவதற்கு ஒரு பிஎன்ஆர், ஏப்ரல் 17 திரும்புவதற்கு இன்னொரு பிஎன்ஆர், இரண்டும் ஒரே ஏர்லைன்ஸ். ஒவ்வொன்றும் 19,400. தளத்தின் கன்வீனியன்ஸ் ஃபீஸ் தனியாக 1,560. அப்பாவுக்குக் காசி இருபது வருஷ ஆசை. மார்ச் முதல் வாரமே பெட்டி கட்டிவிட்டார். கங்கைத் தண்ணீர் கொண்டுவர ஒரு சின்னப் பித்தளைச் செம்பு வாங்கி, மூடி கழன்றுவிடாமல் ரப்பர் பேண்ட் போட்டு, துண்டில் சுற்றி வைத்திருந்தார்.

மார்ச் 24 நள்ளிரவோடு உள்நாட்டு விமானங்கள் நின்றன. ஏப்ரல் 2-ம் தேதி "உங்கள் விமானம் ரத்து செய்யப்பட்டது" என்று ஏர்லைன்ஸிடமிருந்து எஸ்எம்எஸ். அதை நான் அழிக்காமல் வைத்திருந்தேன். பின்னால் 12,000 ரூபாயைக் காப்பாற்றியது அந்த இரண்டு வரிதான்.

முதல் அடி ஏப்ரல் 16-ல் விழுந்தது. ஊரடங்கில் ரத்தான டிக்கெட்டுகளுக்கு மூன்று வாரத்தில் முழுப் பணமும் தர வேண்டும் என்று மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் சொன்னதாக டிவியில் ஓடியது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அப்புறம் அந்த அறிவிப்பை முழுசாகப் படித்தேன். மார்ச் 25-லிருந்து ஏப்ரல் 14-க்குள் *புக் செய்தவர்களுக்கு* மட்டும்தான் அது. ஊரடங்குக்கு முன்னால், உலகம் நன்றாக இருந்தபோது டிக்கெட் போட்டவர்களுக்கு அதில் ஒரு வார்த்தையும் இல்லை. ரத்தானவற்றில் பெரும்பாலானவை அப்படிப் போட்டவைதானே? எங்களுக்கு ஏர்லைன்ஸ் கொடுத்த பதில்: "உங்கள் தொகை கிரெடிட் ஷெல்லில் பத்திரமாக இருக்கிறது, ஒரு வருடத்துக்குள் பயணம் செய்து கொள்ளலாம்." அதாவது பணமாகத் தராமல், அடுத்த டிக்கெட்டில் கழித்துக்கொள்ள அவர்களே வைத்துக்கொள்வார்கள்.

யார் பயணம் செய்வது? அப்பாவுக்கு மூச்சிரைப்பு உண்டு. வாசல் தாண்டவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கிரெடிட் ஷெல்லில் வைப்பது பயணியின் விருப்பம், ஏர்லைன்ஸ் தானாக அப்படிச் செய்யக் கூடாது என்று, விமான நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதியிலேயே இருக்கிறது. சிஏஆர் என்று அந்த விதித் தொகுப்புக்குப் பெயர். ரீஃபண்டுக்கு அதில் பிரிவு 3, வரிசை எம், பகுதி 2. அந்தப் பகுதியைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெறுமனே "நியாயமா சார்?" என்று கேட்ட மெயில்களுக்கு எனக்கு வந்ததெல்லாம் தானியங்கிப் பதில். விதி எண் போட்டு எழுதிய மெயிலுக்குத்தான் ஒரு ஆள் பதில் எழுதினார்.

அக்டோபர் 1, 2020. பிரவாசி லீகல் செல் என்ற அமைப்பு போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஊரடங்குக்கு முன்பு புக் செய்து, மே 24 வரை பறக்க வேண்டியிருந்தவர்களுக்கு 15 நாளில் பணம் தர வேண்டும். ஏர்லைன்ஸ் நிதி நெருக்கடியில் இருந்தால் 2021 மார்ச் 31 வரை செல்லும் கிரெடிட் ஷெல் தரலாம். அதை வேறொருவர் பெயருக்கு மாற்றலாம், எந்த ரூட்டிலும் பயன்படுத்தலாம். 2020 ஜூன் 30 வரை மாதத்துக்கு 0.5 சதவீதம், அதன் பிறகு மாதத்துக்கு 0.75 சதவீதம் ஷெல்லின் மதிப்பு கூட வேண்டும். எங்கள் கணக்குக்கு அது 582 + 2,619, ஆக 3,201 ரூபாய். கடைசியில் பணமாக வந்தபோது டிக்கெட் தொகை மட்டும்தான் வந்தது, இந்த 3,201 வரவில்லை. ஷெல்லை வைத்துப் பறந்தவர்களுக்குத்தான் அது உதவியது.

தீர்ப்பை பிரிண்ட் எடுத்துக்கொண்டு விமான நிலையத்தில் இருந்த ஏர்லைன்ஸின் டிக்கெட் கவுண்ட்டருக்கு பைக்கில் போனேன். கண்ணாடிக்குப் பின்னால், முகக்கவசத்துக்கு மேல் ஃபேஸ் ஷீல்டும் போட்ட ஒரு இளைஞர். பிஎன்ஆரைத் தட்டினார். திரையை ஐந்து விநாடி பார்த்திருப்பார்.

"ஏஜென்சி புக்கிங் சார். அவங்ககிட்டதான் கேக்கணும்."

"அவங்க உங்ககிட்ட கேக்கச் சொல்றாங்க."

"இங்கேருந்து ஒண்ணும் பண்ண முடியாது சார். மெயில் போடுங்க."

தீர்ப்பின் பக்கத்தை கண்ணாடிக்கு அடியில் நீட்டினேன். தொடக்கூட இல்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். வந்துவிட்டேன். போக வர மூன்று மணி நேரம் வீண். ஏஜென்சி மூலம் போட்ட டிக்கெட்டுக்கு நேரில் அலையாதீர்கள். அந்தக் கவுண்ட்டரில் இருப்பவருக்கு நம் பிஎன்ஆரைத் திறந்து பார்க்கத்தான் முடியும்.

வீட்டிலிருந்தே ஏர்லைன்ஸ் இணையதளத்தில் புக்கிங்கைத் திறக்கலாம் என்றால் அங்கே இன்னொரு பூட்டு. பிஎன்ஆரோடு மெயில் ஐடியும் கேட்டது. என் மெயிலைப் போட்டால் பொருந்தவில்லை என்றது. புக் செய்தபோது அந்தப் பயணத் தளம் என் போன் நம்பரைக் கொடுத்திருக்கிறது, மெயில் இடத்தில் தன்னுடைய மெயிலைப் போட்டிருக்கிறது. என் டிக்கெட் பற்றி ஏர்லைன்ஸ் அனுப்பிய மெயில் ஒவ்வொன்றும் அவர்களுக்குத்தான் போயிருக்கிறது.

2021 மார்ச் 31 வந்தது. ஷெல் காலாவதி, இனிப் பணமாகத் தந்தே ஆக வேண்டும். ஆனால் தீர்ப்பில் ஒரு வரி இருக்கிறது: ஏஜென்ட் மூலம் போட்ட டிக்கெட் என்றால், ஏர்லைன்ஸுக்கு எந்தக் கணக்கிலிருந்து பணம் வந்ததோ அதே கணக்குக்குத்தான் திருப்பித் தர வேண்டும். அதாவது நமக்கு நேராக வராது, தளத்தின் கணக்குக்குப் போகும். ஏர்லைன்ஸ் "கொடுத்துவிட்டோம்" என்கிறது, தளம் "வரவில்லை" என்கிறது. பணம் எங்கே நிற்கிறது என்று நமக்குத் தெரியாத வரை இரண்டு பேருமே நம்மை அனுப்பிக்கொண்டே இருக்கலாம். எனக்கு அப்படி மூன்று மாதம் போனது. அந்த ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை. எல்லோர் வீட்டிலும் துக்கம். போனை எடுக்கும் பிள்ளைகளிடம் சத்தம் போட எனக்கு மனசு வரவில்லை.

ஜூலையில் ஏர்சேவாவில் புகார் போட்டேன். அமைச்சகமே நடத்தும் தளம் அது. இருபது நாள் கழித்துப் பார்த்தால் புகார் "தீர்க்கப்பட்டது" என்று மூடியிருந்தது. ஒரு ரூபாய்கூட வரவில்லை, தீர்ந்ததாம். வயிறு எரிந்தது. அன்று இரவு மறுபடி உட்கார்ந்து, மூடும்போது ஏர்லைன்ஸ் எழுதியிருந்த குறிப்பைப் படித்தேன். இரண்டு பிஎன்ஆருக்கும் முழுத் தொகை, ஏப்ரல் மாதத்தில் எந்தத் தேதியில், எந்த எண்ணில் ஏஜென்சி கணக்கில் வரவு வைத்தோம் என்று நாலு வரி. போனில் மூன்று மாதம் கேட்டும் யாரும் எழுதித் தராத விஷயம் அது. அரசுத் தளத்தில், ஏர்லைன்ஸின் கையாலேயே எழுதிக் கிடைத்துவிட்டது. என் புகாரை மூடிய குறிப்பே என் சாட்சி ஆனது!

அந்தப் பக்கத்தை பிடிஎஃப் ஆக எடுத்து, தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் இந்த முறை பயணத் தளத்தின் மேல் புகார் பதிந்தேன். இப்போது அதன் எண் 1915. கூடவே தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில். அதே மெயிலை ஏர்லைன்ஸுக்கும் காப்பி போட்டேன். காரணம் இருக்கிறது. ஏஜென்ட் மூலம் வாங்கிய டிக்கெட்டானாலும் ரீஃபண்டுக்குப் பொறுப்பு ஏர்லைன்ஸுடையதுதான், ஏஜென்ட் அவர்களின் பிரதிநிதி, 30 வேலை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று அதே சிஏஆரில் அப்போது இருந்தது. அந்த வரியைத் தடித்த எழுத்தில் வைத்தேன். பதினோராவது நாள் தளத்திலிருந்து போன் வந்தது. அதுவரை நான்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், அவர்கள் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

"சார், வாலட்ல போட்டா இப்பவே வந்துடும். கார்டுக்குன்னா பத்து நாள் ஆகும்."

வாலட்டுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பணத்தை அதே தளத்தில் டிக்கெட் போடத்தான் பயன்படுத்த முடியும். பதினேழு மாதம் கிரெடிட் ஷெல்லோடு மல்லுக்கட்டியவன் இன்னொரு ஷெல்லுக்குள் போக முடியுமா? "கார்டுக்கே போடுங்க, ஏஆர்என் நம்பர் அனுப்புங்க" என்றேன். கார்டுக்குத் திருப்பி அனுப்பிய பணத்தை வங்கி தேடிக் கண்டுபிடிக்க உதவும் எண் அது.

அந்த ஏஆர்என் கேட்டது நல்லதாகப் போயிற்று. பத்து நாள் கழித்தும் ஸ்டேட்மெண்டில் ஒன்றும் இல்லை. 2020-ல் என் கார்டு காலாவதியாகி, புது நம்பரில் புது கார்டு வந்திருந்தது. தளம் அனுப்பியது பழைய நம்பருக்கு. வங்கியில் முதலில் "அப்படி எதுவும் வரலை சார்" என்றார்கள். 23 இலக்க ஏஆர்என்னைச் சொன்னதும் தேடி எடுத்தார்கள். பழைய கார்டின் பெயரில் 19,400 வரவாகவே நின்றிருந்தது. இரண்டு நாளில் சேமிப்புக் கணக்குக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.

அது திரும்பும் டிக்கெட் மட்டும். போகும் டிக்கெட்டுக்குத் தளத்தில் காட்டிய தொகை 7,400. தலைக்கு 3,000 வீதம் 12,000 பிடித்தம். "கஸ்டமரே கேன்சல் செய்தார்" என்று பதிவாகியிருந்தது. நான் செய்யவே இல்லை. யோசித்துப் பார்த்தபோது நினைவு வந்தது. 2020 ஏப்ரல் 6-ம் தேதி அவர்கள் ஆப்பில் "கிரெடிட் ஷெல் கோர" என்று ஒரு பட்டன் வந்தது, அந்த பிஎன்ஆருக்கு மட்டும் அமுக்கினேன். அதை அவர்கள் பயணி தானே ரத்து செய்ததாக எழுதிக்கொண்டார்கள்.

இங்கேதான் அந்த எஸ்எம்எஸ். ஏர்லைன்ஸ் ரத்து செய்தது ஏப்ரல் 2, நான் பட்டனை அமுக்கியது ஏப்ரல் 6. ஏற்கெனவே ரத்தான விமானத்தை நான் எப்படி ரத்து செய்ய முடியும்? மேலும், அந்தத் தேதியில் நாட்டில் வழக்கமான உள்நாட்டுப் பயணிகள் விமானம் எதுவும் பறக்க அனுமதி இல்லை. தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் வைத்து, பத்து நாளில் முழுத் தொகை வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், ஆன்லைனில் புகார் பதிய அப்போது இருந்த இ-தாக்கில் தளம் வழியாக வழக்கு என்று எழுதினேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. மனுவைத் தட்டச்சு செய்தே வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. ஒன்பதாவது நாள் முழு 19,400-க்கும் ஏஆர்என் வந்தது.

ஆகவே விமானம் ரத்தாகும் என்று தெரிந்தாலும் அவர்கள் ரத்து செய்யும் வரை காத்திருங்கள், நீங்களாக எந்தப் பட்டனையும் தொடாதீர்கள். ரத்து எஸ்எம்எஸ் வந்த நிமிடமே ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள். கன்வீனியன்ஸ் ஃபீஸ் 1,560 எனக்குத் திரும்பவே இல்லை. திரும்பத் தராத கட்டணம் என்று புக் செய்யும்போதே ஒத்துக்கொண்டாயிற்றாம்.

என்னைவிட அதிகம் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். 2024 ஜூனில்கூட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒரு பயணத் தளத்தை, ஊரடங்குக் கால ரீஃபண்ட் பாக்கியைத் தீர்க்கச் சொல்லி உத்தரவு போட்டது. நுகர்வோர் உதவி மையத்தில் தன் செலவில் ஐந்து பேரை உட்காரவைத்துப் பயணிகளைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்றும் அதில் இருந்தது. நாலு வருஷம் கழித்து! உங்கள் பழைய மெயிலில் இப்படி ஒரு பிஎன்ஆர் கிடந்தால், ஏர்லைன்ஸ் அந்தப் பணத்தை எந்தத் தேதியில் யாருக்குக் கொடுத்தது என்று முதலில் எழுத்தில் வாங்குங்கள்.

செப்டம்பர் 14 காலை பணம் ஏறியதும் அப்பாவிடம் போனைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "ஃபீஸ் போக முழுசா வந்துடுச்சாப்பா?" என்றார். ஆமாம் என்றேன். உள்ளே போய், துண்டில் சுற்றிய செம்பை எடுத்து ரப்பர் பேண்டைக் கழற்றினார். அது இற்றுப்போய் செம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்து, புளி போட்டுத் தேய்த்து வைத்தார்.

2022 டிசம்பரில் போனோம். டிக்கெட் ஏர்லைன்ஸின் சொந்த இணையதளத்தில் போட்டேன். மெயில் இடத்தில் என் மெயில்தான் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் மூன்று தடவை பார்த்தேன்.