ஒன்று, 16777216 ஆன கதை

அலுவலக மெயின்பிரேமில் (ஐபிஎம்மின் பெரிய கணினி) ஒரு பகுதியில் டெபியன் என்ற லினக்ஸ் ஓடுகிறது. அதில் ஒரு சின்ன நிரலின் புதிய பதிப்பு தேவைப்பட்டது. எழுதியவர் தந்திருந்த பைனரிகள் (அப்படியே ஓடக்கூடிய கோப்புகள்) இன்டெல், ஆர்ம் சிப்களுக்கு மட்டும்தான். சரி, சோர்ஸை (மூல நிரலை) எடுத்து நாமே பில்ட் செய்துகொள்ளலாம் என்று உட்கார்ந்தேன்.

மெயின்பிரேமுக்கென்று தனி சோர்ஸ் பேக்கேஜ் எங்காவது இருக்கும் என்று அரை நாள் தேடியது என் அறியாமை. எல்லா ஆர்க்கிடெக்சருக்கும் (சிப் வகைக்கும்) சோர்ஸ் ஒன்றேதான். சோர்ஸ் எங்கே கிடைக்கும் என்று டெபியனுக்குச் சொல்லும் டெப்-எஸ்ஆர்சி வரியைப் புதிய வெளியீட்டுக்குச் சேர்த்து ஆப்ட் சோர்ஸ் கட்டளை கொடுத்தால் வந்து விழுகிறது. மெயின்பிரேம் ஆர்க்கிடெக்சரின் பெயரில் மட்டும் கவனம் வேண்டும்: எஸ்390 என்பது பழைய 31 பிட் (ஆமாம், 32 இல்லை), நமக்கு வேண்டியது 64 பிட்டான எஸ்390எக்ஸ். லினக்ஸ் கெர்னலே 2015-இல் 31 பிட்டைக் கைவிட்டுவிட்டது.

நிஜ இயந்திரத்தைத் தொடுவதற்கு முன் மடிக்கணினியில் கியூஇஎம்யூ (வேறு சிப்பைப் போலவே நடிக்கும் மென்பொருள்) வைத்து முயன்றேன். ஆமை வேகம். ஆனாலும் கம்பைல் ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் முடிந்தது. அப்புறம் சோதனைகள் ஓடின. ஒன்று மட்டும் தோற்றது. எதிர்பார்த்தது 1, கிடைத்தது 16777216.

சோதனைகளைத் தவிர்க்க 'நோசெக்' என்று ஒரு வழி இருக்கிறது. கை அதற்குத்தான் போனது. நல்லவேளை, அந்த எண்ணைப் பதினாறடிமானத்தில் எழுதிப் பார்த்தேன்: 01 00 00 00. கோப்பில் இருக்கும் நான்கு பைட்டும் அதே வரிசைதான். இன்டெல் அதைக் கடைசியிலிருந்து படித்து 1 என்கிறது. மெயின்பிரேம் பிக் எண்டியன், முதலிலிருந்து படிக்கிறது. நிரலில் அந்த நான்கு பைட்டையும் அப்படியே ஒரு முழு எண்ணுக்குள் நகலெடுத்திருந்தார்கள். சோதனையைத் தவிர்த்திருந்தால், ஒரே ஒரு பதிவு உள்ள கோப்பில் ஒன்றரைக் கோடிக்கு மேல் பதிவுகளைத் தேடியிருக்கும்.

படித்தவுடன் பைட் வரிசையை மாற்ற ஒரே வரி போதும். அதைப் பேட்சாக (திருத்தமாக) சேர்த்து மறுபடி ஓட்டினேன், எல்லாம் தேறியது.

பிறகு ஒரு பேராசை. அலுவலகத்துச் சோதனை இயந்திரம் இசட்15 என்ற புதிய மெயின்பிரேம் மாதிரி ஆயிற்றே, வேகமாக ஓடட்டும் என்று கம்பைலருக்கு அதையே இலக்காகக் கொடுத்து அங்கே பில்ட் செய்தேன். அங்கே பறந்தது. நிரல் உண்மையில் ஓட வேண்டிய பழைய இசட்13-இலோ, தொடங்கிய கணமே 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று செத்தது: இசட்15-இன் புதிய கட்டளைகள் அதற்குத் தெரியாது. அந்த இலக்கை எடுத்துவிட்டு டெபியனின் இயல்பான அமைப்பிலேயே மறுபடி பில்ட் செய்தபின்தான் ஓடியது.

பேட்சை நிரலை எழுதியவருக்கும் அனுப்பினேன். சோதித்துப் பார்க்க அவரிடம் பிக் எண்டியன் இயந்திரம் எதுவும் இல்லையாம். என் சோதனை முடிவை நம்பிச் சேர்த்துக்கொண்டார்.