கோடு போட்டவன்

எங்கள் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு அரை மணி நேரம் தாங்காது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மூன்றாவது கோட்டைப் போட்டு நிமிர்வதற்குள் முதல் கோடு மணலோடு போயிருக்கும். ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 18 வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தேன். 400 மீட்டர் ஓடுதளம் எங்களுக்கு வாய்க்கவில்லை. இருந்த இடத்தில் 200 மீட்டர்தான் சுற்ற முடியும். 1,500 மீட்டர் என்றால் ஏழரைச் சுற்று.

அந்த ஏழரைச் சுற்றை வெறுங்காலோடு ஓடுகிறவன் ஒருவன் இருந்தான். கரைவலை இழுக்கிறவர் மகன், பத்தாவது படித்தான். விடியற்காலையில் அப்பாவோடு வலை இழுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவான். கடைசிச் சுற்றில் மற்றவர்கள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கும்போது இவன் யாரையோ தேடுகிறவன் மாதிரி அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு ஓடுவான். கயிறு பிடித்துக் கோடு போட எனக்குத் துணையும் அவன்தான்.

ஒரு வருடம், சுற்றுவட்டாரப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டியில் அவன் முதலிடம். அடுத்து வருவாய் மாவட்டப் போட்டி, ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கில். காலை ஏழு மணிக்கு வருகைப் பதிவு. அவன் வரவில்லை. அன்றைக்கு மீன்பாடு நன்றாக இருந்ததாம், வலைக்கு ஆள் போதவில்லை. பேருந்துக்குக் காசும் இல்லை. இதைக்கூட அவன் சொல்லவில்லை, கூடப் படிக்கிறவன் சொன்னான். பள்ளியிலிருந்து பயணப்படி என்று ஒன்று கிடைக்கும். ஆனால் போட்டி முடிந்து, கையெழுத்தெல்லாம் வாங்கி, பிறகுதான் கைக்கு வரும்.

அடுத்த வருடம் குறுவட்டத்துக்குப் பெயர் கொடுக்கும்போது நான் செய்ததுதான் இன்னும் உறுத்துகிறது. ஒரு போட்டிக்கு ஒரு பள்ளியிலிருந்து இரண்டு பேர். பள்ளி அளவில் அவன்தான் முதலில் வந்திருந்தான். நான் இரண்டாவது வந்தவனையும் மூன்றாவது வந்தவனையும் எழுதினேன். மூன்றாவது பையனின் அப்பாவுக்கு மளிகைக்கடை. மகனை வண்டியில் கூட்டிக்கொண்டு வந்து நிற்பார், ஸ்பைக் ஷூ வாங்கித் தந்திருந்தார். "போன வருசம் மாதிரி ஓர் இடம் வீணாகிவிடக் கூடாது" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்பதற்கு நிர்வாகப் பேச்சு மாதிரித்தான் இருக்கும். உண்மையில் நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, பேருந்துக் கட்டணத்தைப் பார்த்தேன். மளிகைக்கடைப் பையன் மாவட்டத்தில் ஐந்தாவது வந்தான். நல்ல பையன், அவன் மேல் ஒரு குறையும் இல்லை.

விடுபட்டவன் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஆசிரியர் அறையில் அடிக்கடி ஒரு பேச்சு வரும். "அரசு வேலையில விளையாட்டு ஒதுக்கீடு 3 சதவீதம் எதுக்கு சார்? ராத்திரி பகலா படிச்ச பிள்ளைக்குப் போக வேண்டிய வேலைதானே அது?" நான் ஒதுக்கீட்டின் பக்கம்தான் பேசுவேன். கணக்குத் தாளில் அரை மதிப்பெண் பிச்சை போட முடியும், ஸ்டாப்வாட்சில் முடியாது என்பேன். சொல்லும்போதே அந்தப் பெயர்ப் பட்டியல் நினைவுக்கு வரும், குரல் இறங்கிவிடும். ஓடினவனைத்தான் வாட்ச் அளக்கும். யார் ஓட வரலாம் என்பதை என்னைப் போல ஒருவன் முந்தின வாரமே பேனாவால் எழுதி முடித்திருப்பான்.

அரசு செலவே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். ஒலிம்பிக் தங்கத்துக்குத் தமிழ்நாடு அரசின் பரிசு 3 கோடி ரூபாய். மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகும் பிள்ளைக்கு மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுக்கே வருகிறது. முதலமைச்சர் கோப்பையில் மாநில அளவில் ஜெயித்தாலும் நல்ல பரிசுத் தொகை. எல்லாம் ஜெயித்த பிறகு, அல்லது யார் கண்ணிலாவது பட்ட பிறகு. எங்கள் பிள்ளைகள் கழன்றுகொள்வது அதற்கு வெகு முன்னால், பேருந்து நிறுத்தத்தில்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொண்டி, நம்புதாளைப் பக்கம் திருவிழாக் காலத்தில் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும். காற்று திரும்புவதற்கு முன்பே பாயைத் திருப்புகிற இளவட்டங்களை அங்கே பார்க்கலாம். டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகப் பாய்மரப் படகு ஓட்டியவர்கள் 4 பேர். நேத்ரா குமணன், கணபதி, வருண் தாக்கர் என்று அதில் 3 பேர் சென்னைக்காரர்கள். அவர்கள் உழைப்பில் எனக்குத் துளி சந்தேகமில்லை. ஆனால் அந்த விளையாட்டுப் படகின் விலைக்கு எங்கள் ஊரில் வீடு கட்டத் தொடங்கிவிடலாம். நம்புதாளைக்காரன் ஜெயித்தால் கேடயமும் ரொக்கமும் கிடைக்கும், ஊரே தோளில் தூக்கும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தக் கேடயம் எந்தப் படிவத்திலும் ஏறாது. ராமநாதபுரத்தில் ஒலிம்பிக் நீர் விளையாட்டு அகாடமி என்று அரசு அறிவித்தபோது எனக்கு முதலில் தோன்றியது, அதன் வாசலில் பெயர் எழுதுகிறவர் யாராக இருப்பார் என்பதுதான்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு ஏப்ரல் கடைசியில் பாம்பன் போயிருந்தேன். 61 நாள் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகுகளைக் கரையேற்றி வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு படகுக்கு அடியிலிருந்து "சார்" என்று குரல் வந்தது. முகமெல்லாம் நீலப் பெயிண்ட். அவன்தான். பழைய கதை எதையும் நாங்கள் பேசவில்லை. நான் பேசியிருக்க வேண்டும்.

"அக்கா மக ஏழாவது முடிக்கிது சார். நல்லா ஓடுது. விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறாங்களாமே, எப்ப?"

"மே மாசம் இருக்கும். வெள்ளனவே போய் நிக்கணும்டா."

"தடைக்காலந்தானே சார், நானே கூட்டிட்டுப் போயிருவேன். என்னென்ன கொண்டு போகணும்?"

ஆதார், பிறப்புச் சான்றிதழ், பள்ளியில் படிக்கிற சான்று, போட்டோ. ஒவ்வொன்றையும் அட்டைத் துண்டில் எழுதிக்கொண்டான்.

"ஸ்பைக் வேணுமா சார்?"

"இருந்தா நல்லது."

விலையைக் கேட்டான், சொன்னேன். நான் சட்டைப் பையைத் தொடுவதற்குள் பிரஷ்ஷை டப்பாவில் போட்டுவிட்டு, முன்பணம் கேட்கப் படகுக்காரர் இருந்த பக்கம் நடந்துவிட்டான்.