செம்மறியும் தானியமும்: நவ்ரூஸ் சமயத்தில் உஸ்பெகிஸ்தான்

உஸ்பெகிஸ்தான் போக எந்த மாதம் நல்லது என்று கேட்டால், ஏப்ரல், மே, இல்லாவிட்டால் செப்டம்பர், அக்டோபர் என்று சொல்வார்கள். வெயிலை வைத்துப் பார்த்தால் அது சரி. சாப்பாட்டை வைத்துக் கேட்டால் நான் மார்ச் மாதத்தைத்தான் சொல்வேன். மார்ச் 21 அங்கே நவ்ரூஸ், வசந்தப் பண்டிகை. அதை ஒட்டிய நாட்களில் குடியிருப்புகளில் கொப்பரை ஏற்றி, ராத்திரி முழுக்கக் கிண்டி, கோதுமையும் இறைச்சியும் கரைந்த ஹலீம் காய்ச்சுகிறார்கள். குளிரும் அப்போது முழுதாக விட்டிருக்காது. சூடான சூப் தொண்டையில் இறங்கும் சுகத்துக்கு அந்தக் குளிர் வேண்டும்.

நான் போனதே இந்தச் சமையலுக்காகத்தான். சமர்கந்தில் ரெகிஸ்தான் சதுக்கத்தையும் பார்த்தேன். 1417 முதல் 1420 வரை கட்டப்பட்ட உலுக் பேக் மதரசாவும், 17ஆம் நூற்றாண்டில் எழுந்த மற்ற இரண்டு மதரசாக்களும் சுற்றி நிற்க, நடுவில் மூச்சடைத்து நின்றேன். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இந்தக் கட்டுரை முழுக்க அடுப்படிதான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே நான் சாப்பிட்ட சூப், கஞ்சி, சோறு எல்லாவற்றுக்கும் சாமான் ஏறக்குறைய ஒன்றேதான். செம்மறி இறைச்சி, அதன் வால் கொழுப்பு, வெங்காயம், கேரட், சீரகம், உப்பு. அதோடு ஒரு தானியம். அந்தத் தானியம் எந்த நேரத்தில் கொப்பரைக்குள் போகிறது, எவ்வளவு தண்ணீரில் போகிறது, போன பிறகு அதைக் கிண்டுகிறார்களா, தொடாமல் விடுகிறார்களா என்பதிலேயே உணவு வேறு வேறாகிவிடுகிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு எனக்கு எந்தச் சமையல் குறிப்பும் பெரிதாகத் தேவைப்படவில்லை.

தாஷ்கண்டில் முதலில் போனது சோர்சு பஜாருக்கு. பெரிய நீலக் குவிமாடத்துக்குக் கீழே வட்டவட்டமாக இறைச்சிக் கடைகள். மாடு, குதிரை, செம்மறி எல்லாம் உண்டு. எனக்குக் கண் போனது ஆட்டு வால்களின் மேல்தான். வால் என்றதும் சின்னதாக நினைத்துவிட வேண்டாம். அங்குள்ள செம்மறி இனங்களுக்குப் பின்புறத்தில் இரண்டு கதுப்பாகக் கொழுப்பு சேர்ந்திருக்கும். தும்பா என்கிறார்கள். புல் கிடைக்காத குளிர்காலத்தையும் வறண்ட கோடையையும் ஆடு தாண்டுவதற்கான சேமிப்பு அது. மனிதனுக்கு அது சமையல் எண்ணெய். இறைச்சி கேட்டால், என்ன சமைக்கப் போகிறீர்கள் என்று கடைக்காரர் கேட்கிறார். சூப்புக்கு என்றால் விலாவும் எலும்பும். சோற்றுக்கு என்றால் தொடையோ தோள்பட்டையோ, கூடவே ஒரு துண்டு வால்.

அந்த வால் கொழுப்பைத்தான் கொப்பரையில் முதலில் போடுகிறார்கள். சிறு துண்டுகளாக நறுக்கி மெதுவாக உருக்கினால் நெய் பிரிந்து, மிஞ்சுவது பொன்னிறத்தில் மொறுமொறுவென்று கிடக்கும். அதைத் தனியே எடுத்து, உப்புத் தூவி, பச்சை வெங்காயத்தோடு சமையல்காரர்களே சாப்பிடுகிறார்கள். அடுப்பருகே நிற்பவருக்கும் ஒன்றிரண்டு கிடைக்கும். நான் அங்கிருந்து நகரவே இல்லை.

சரி, சூப்புக்கு வருவோம். ஷோர்வாவில் இரண்டு வகை. ஒன்று, இறைச்சியைப் பச்சைத் தண்ணீரில் போட்டு, நுரையை எடுத்து, கொதித்தும் கொதிக்காமலும் இரண்டு மூன்று மணி நேரம் விடுவது. இன்னொன்று, கொழுப்பில் இறைச்சியையும் வெங்காயத்தையும் சிவக்க வதக்கிவிட்டுத் தண்ணீர் ஊற்றுவது. முதலாவது தெளிவாக, இனிப்பு தட்டும்படி இருக்கும். இரண்டாவது கருஞ்சிவப்பாக, அழுத்தமாக இருக்கும். எனக்கு முதலாவதுதான் பிடித்தது. கேரட்டையும் உருளைக்கிழங்கையும் முழுசாகவோ பாதியாகவோ போடுகிறார்கள், சில வீடுகளில் ஊறவைத்த கொண்டைக்கடலையும் உண்டு. மிளகாய் கிடையாது, மசாலா கிடையாது. சீரகமும் மிளகும்கூடக் கிள்ளித்தான் போடுகிறார்கள். ஆட்டின் ருசியை மறைக்க எதுவுமே இல்லாதபோது ஆடு நன்றாக இருந்தாக வேண்டும். இருந்தது.

ஷோர்வாவில் தானியம் பாத்திரத்துக்குள் போவதே இல்லை. அது மேஜையில் ரொட்டியாகக் காத்திருக்கிறது. தந்தூர் அடுப்பில் சுட்ட, நடுவில் முத்திரை குத்திய வட்ட நான். சமர்கந்து நான் கனமாக, பளபளப்பாக இருக்கும், பல நாள் கெடாது. அதைக் கையால் பிய்த்து, கிண்ணத்தில் போட்டு, சாறு ஏறிப் பாதி ஊறிய நிலையில் சாப்பிட வேண்டும். முழுக்க ஊறினால் கூழாகிவிடும். கத்தியால் நறுக்குவதில்லை, கவிழ்த்து வைப்பதும் இல்லை. ரொட்டிக்கு அங்கே அவ்வளவு மரியாதை.

அடுத்தது மஸ்தவா. தாஷ்கண்டில் ஒரு சின்ன உணவகத்தில், வெளியே தூறிக்கொண்டிருந்த மதியத்தில் முதல்முதலாகச் சாப்பிட்டேன். பொடிப்பொடியாக நறுக்கிய ஆட்டிறைச்சி, வெங்காயம், கேரட், டர்னிப், தக்காளி எல்லாவற்றையும் வதக்கித் தண்ணீர் விட்டு, இறைச்சி வெந்தபின், கடைசி அரை மணிக்குள் அரிசியைப் போடுகிறார்கள். அரிசி மலர்ந்து, சூப்பைக் கொஞ்சம் கெட்டியாக்கும். ஆனால் பருக்கை பருக்கையாகத் தெரியும். அந்த இடத்தில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். பரிமாறும்போது மேலே ‘கத்திக்’ என்கிற புளித்த தயிர் ஒரு கரண்டி, கொத்தமல்லித் தழை. கொழுப்புச் சாற்றுக்குள் குளிர்ந்த புளிப்பு இறங்கும்போது முழுக் கிண்ணமும் வேறாகிவிடுகிறது. இதே முறையில் பச்சைப்பயறும் அரிசியும் சேர்த்து மோஷ்குர்தா என்று ஒன்று செய்கிறார்கள். அதுவும் நல்லதுதான், ஆனால் மஸ்தவா கிடைக்கும் இடத்தில் நான் அதை எடுக்க மாட்டேன்.

பலோவ் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. உஸ்பெகிஸ்தானின் பலோவ் பண்பாடு 2016ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பலரும் அதை அரிசிச் சோறாகவே பார்க்கிறார்கள். என் கண்ணுக்கு அது முதலில் ஒரு இறைச்சிக் குழம்பு. சிர்வாக் என்று அதைச் சொல்கிறார்கள். கொழுப்பில் இறைச்சியைச் சிவக்க வறுத்து, வெங்காயம், பிறகு விரல் நீளத்துக்குக் கத்தியால் அரிந்த மஞ்சள் கேரட், சீரகம், முழுப்பூண்டு. தண்ணீர் விட்டு மெல்லிய தீயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடுகிறார்கள். கேரட்டைத் துருவக் கூடாது, துருவினால் கரைந்துபோகும். அந்தக் குழம்பு பதமான பிறகுதான் ஊறிய அரிசியை மேலே பரப்புகிறார்கள். பரப்பியபின் கிண்டுவதே இல்லை. தண்ணீர் வற்றியதும், அரிசியில் கரண்டிக் காம்பால் துளைகள் போட்டு, நடுவில் குவித்து, மூடி, தீயைத் தணித்துவிடுகிறார்கள். கீழே இருக்கும் குழம்பின் ஆவியிலேயே அரிசி வேகிறது. பழைய கணக்கு என்னவென்றால் அரிசி, கேரட், இறைச்சி மூன்றும் சம எடை.

இதற்கு அவர்கள் கொண்டாடும் அரிசி தேவ்சிரா. ஃபெர்கானா பள்ளத்தாக்கில் விளைவது. வெளியே செம்மண் நிறத்தூள் ஒட்டியிருக்கும், கழுவக் கழுவத் தண்ணீர் சிவக்கும். நிறையத் தண்ணீரையும் கொழுப்பையும் குடித்தும் குழையாது. தாஷ்கண்டில் எல்லாவற்றையும் கலந்து பரிமாறினார்கள். சமர்கந்தில் கலப்பதில்லை, சோறு அடியில், அதன்மேல் கேரட், அதன்மேல் இறைச்சி என்று அடுக்காகத் தட்டுக்கு வருகிறது. நான் சமர்கந்துப் பக்கம். அடுக்காக இருந்தால் ஒவ்வொரு வாயிலும் எதை எவ்வளவு என்பது நம் கையில் இருக்கிறது.

தாஷ்கண்டிலிருந்து சமர்கந்துக்கு அஃப்ரோசியாப் அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம் சொச்சம். பயணச்சீட்டு பண்டிகைச் சமயத்தில் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். நான் தங்கிய விடுதியை நடத்திய ஓபாவின் (அக்காவை அங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) புண்ணியத்தில், அவர்கள் குடியிருப்பில் ஹலீம் காய்ச்சும் ராத்திரிக்கு எனக்கும் இடம் கிடைத்தது. அவருடைய மகள் ஆங்கிலம் படிக்கிறவள், பேச்சுக்குப் பாலம் அவள்தான்.

கோதுமையை முந்தின நாளே ஊறவைத்து, உரலில் லேசாக இடித்து, உமித்தோலை நீக்கி வைத்திருந்தார்கள். மாலையில் முற்றத்தில் கொப்பரை ஏறியது. கொழுப்பில் இறைச்சித் துண்டுகளை வறுத்து, தண்ணீர் ஊற்றி, அது கொதித்ததும் கோதுமை. பலோவில் கடைசியாகப் போன தானியம் இங்கே தொடக்கத்திலேயே போய்விடுகிறது. அதன்பிறகு ராத்திரி முழுக்க ஒரே வேலைதான்: ஆள் மாற்றி ஆள் துடுப்பு போடுவது.

முதல் சில மணி நேரம் எதுவும் நடக்கிற மாதிரியே இருக்காது. தண்ணீரில் கோதுமை தனியாக, இறைச்சி தனியாக மிதக்கும். நள்ளிரவை நெருங்கும்போது கோதுமை வெடித்து மாவு வெளியே வரத் தொடங்குகிறது. ஆட்டின் தசைநார்கள் நீண்ட நேரச் சூட்டில் பசையாக இளகி, இறைச்சி நார்நாராகப் பிரிகிறது. அந்தப் பசையும் கோதுமை மாவும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் நேரத்தில்தான் ஆபத்து. கனமான மாவு அடியில் உட்கார்ந்து தீய்ந்துவிடும். ஒரு சின்னத் தீய்ச்சல் போதும், முழுக் கொப்பரையும் அந்த வாசனையைப் பிடித்துக்கொள்ளும். என் முறை வந்தபோது பக்கத்தில் இருந்த வயதான அகா (அண்ணன் என்று பொருள்) ஒருவர் ஏதோ சொன்னார். மகள் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள்: “அடியைத் தொட்டுக் கிண்டுங்கள். மேலாகக் கிண்டுவதற்கு நீங்கள் போய்த் தூங்கலாமாம்.” துடுப்பு என் தோள் உயரம். அடியைத் தொட்டு இழுக்கும்போது கஞ்சியின் கனம் முதுகு வரை ஏறுகிறது. அதைப் பல வருடங்களாகச் செய்கிறவர்களின் கை எவ்வளவு நிதானமாக ஓடுகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

இன்னொரு மூலையில் பெண்கள் சுமலக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். முளைகட்டிய கோதுமையின் சாறு, மாவு, எண்ணெய். அதில் இறைச்சி கிடையாது, சர்க்கரையும் கிடையாது, இனிப்பு முழுக்க முளையிலிருந்து வருவது. அடிபிடிக்காமல் இருக்கக் கொப்பரைக்குள் கூழாங்கற்களைப் போடுகிறார்கள், கல் உருண்டுகொண்டே இருக்கும். பாட்டும் ஆட்டமும் அந்தப் பக்கம்தான் அதிகம்.

விடியற்காலையில் துடுப்பை நிறுத்தி, தணலைத் தள்ளி, கொப்பரையை மூடி வைத்தார்கள். வெளிச்சம் வந்ததும் கிண்ணம் கிண்ணமாக மொண்டு, மேலே உருக்கிய கொழுப்பும் மிளகுத்தூளும் பட்டைத்தூளும். எது கோதுமை எது இறைச்சி என்று பிரிக்க முடியாது. கரண்டியில் எடுத்தால் இழுபடும். ருசி ஆரவாரமே இல்லாதது. முதல் வாயில் சாதாரணமாகத்தான் பட்டது, கிண்ணம் பாதியாகும்போது இன்னொரு கிண்ணம் கேட்கலாமா என்று தோன்றிவிட்டது. ஓபா கேட்காமலேயே ஊற்றினார். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு வாளி வாளியாகப் போனது, வழிப்போக்கர்களுக்கும் போனது.

இதே கோதுமை இறைச்சிக் கஞ்சிக்கு நிறைய உறவுக்காரர்கள் உண்டு. துருக்கியின் கெஷ்கெக் 2011லும், அரபு நாடுகளின் ஹரீஸ் 2023லும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. ஆர்மீனியர்களிடம் ஹரிசா இருக்கிறது. எல்லாமே கல்யாணம், பண்டிகை என்று பலர் கூடும்போது காய்ச்சுகிறவை. காரணம் லேசானது: இந்த வேலையை ஒரு ஆள் செய்ய முடியாது.

ஆனால் சின்ன அளவில் வீட்டில் செய்யலாம், நான் செய்து பார்த்துத் திருப்தியாக வந்தது. உமி நீக்கிய கோதுமை கால் கிலோ, ராத்திரி ஊறட்டும். எலும்போடு ஆட்டுத் தோள்கறி முக்கால் கிலோ. அடி கனத்த பாத்திரத்தில் கறியைச் சிவக்க வறுத்து, இரண்டரை லிட்டர் தண்ணீர் விட்டு, நுரை எடுத்து, கோதுமையைப் போட்டு, மிகச் சிறு தீயில் நாலைந்து மணி நேரம். கறி கழன்றதும் எலும்பை எடுத்துவிடுங்கள். கடைசி ஒரு மணி நேரம் பக்கத்தை விட்டு நகரக் கூடாது. குக்கரில் வைத்தால் சீக்கிரம் வெந்துவிடும், ஆனால் அந்த இழுவை வராது. அதற்குக் கிண்டுவதுதான் வழி. குக்கரில் வேகவைத்தாலும் திறந்தபின் ஒரு மணி நேரம் மத்தாலோ கரண்டியாலோ கடைந்தாக வேண்டும். கோதுமைக்குப் பதில் பார்லி போட்டால் இடிக்க வேண்டாம், சூப்பாகத் தளர்வாகவும் வைத்துக்கொள்ளலாம். உப்பைக் கடைசியில் போடுங்கள், வற்றிய பிறகுதான் அளவு தெரியும்.

அங்கே போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். பலோவ் மதியச் சாப்பாடு. நல்ல இடங்களில் பிற்பகலுக்குள் கொப்பரை காலியாகிவிடும், பன்னிரண்டு மணிக்கே போய்விடுங்கள். அப்புறம், சாப்பாட்டோடு குளிர்ந்த தண்ணீர் வேண்டாம். செம்மறிக் கொழுப்பு சீக்கிரம் உறையும், வாயிலேயே மெழுகாகப் படிந்துவிடும். அதனால்தான் எல்லா மேஜையிலும் சர்க்கரை போடாத சூடான பச்சைத் தேநீர் இருக்கிறது. ஹலீம் மிஞ்சினால் மறுநாள் கட்டியாகிவிடும். வெந்நீர் கொஞ்சம் தெளித்து, சிறு தீயில், மறுபடியும் அடியைத் தொட்டுக் கிண்டிச் சூடாக்குங்கள்.