கைமிருகம்

பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கச் சேர்ந்த புதிது. சிறுவர் கதைத் தொகுப்பு ஒன்று அச்சுக்குப் போகக் காத்திருந்தது. ஒரு கதையில் விலங்கு, அடுத்த கதையில் மிருகம். எல்லாவற்றையும் மிருகமாக்கிவிடு என்றார்கள். கணினியில் தேடி மாற்றும் வசதி இருக்கிறதே! முதலில் ‘விலங்குகள்’ எல்லாம் ‘மிருகங்கள்’ ஆயின. பிறகு தனி ‘விலங்கு’. பன்மையை முதலில் மாற்றியதால் ‘மிருகம்கள்’ வராமல் தப்பித்தேன் என்று பெருமை வேறு.

மறுநாள் மூத்த ஆசிரியர் ஒரு தாளை நீட்டினார். ஒரே ஒரு வரியைச் சுற்றி பென்சில் வட்டம்: “காவலர் திருடனுக்குக் கைமிருகம் மாட்டி இழுத்துச் சென்றார்.”

திட்டு விழும் என்று நின்றேன். அவரோ சிரித்து ஓய்ந்தபின், “கைவிலங்கும் காட்டு விலங்கும் ஒரே சொல்லா, வேற வேறயா? சொல்லுங்க தம்பி” என்றார்.

“வேற வேற சார். சத்தம்தான் ஒண்ணு.”

பென்சிலை மேசைமேல் செங்குத்தாக நிறுத்தினார். “இது மனுஷன்.” படுக்கப் போட்டார். “இது விலங்கு.”

விலங்குதல் என்றால் குறுக்காதல். நம் முதுகெலும்பு நிமிர்ந்து நிற்கிறது. மாட்டுக்கும் நாய்க்கும் அது தரைக்கு இணையாகக் குறுக்கே போகிறது. வழிக்குக் குறுக்கே கிடப்பதால் மலைக்கு ‘விலங்கல்’ என்று ஒரு பெயர். நடைக்குக் குறுக்கே நிற்கும் தளையும் விலங்குதான். வடமொழியிலும் விலங்கைத் ‘திர்யக்’ என்பார்கள். அதற்கும் குறுக்காகச் செல்வது என்றே பொருள்.

நாற்கால் உயிர் என்று பொருள் எழுதிப் பழகிய சொல்லுக்குள் நாலும் இல்லை, காலும் இல்லை! ‘கால்நடை’யிலாவது கால் இருக்கிறது. சரி, நான் நுழைத்த மிருகம்? அது வடமொழியில் மானையும் குறிக்கும் சொல். மிருகசீரிடம் என்ற நட்சத்திரப் பெயரே மான்தலை என்பதுதான். அந்தக் கணக்கில், கதையில் வந்த புலி, கரடி எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் மானாக்கியிருந்தேன்.

விடாமல் கேட்டேன்: “அப்ப காலே இல்லாத பாம்பு, சார்?”

“அது எப்பவுமே படுத்துத்தானே கிடக்கு” என்றார், அடுத்த தாளை எடுத்தபடி.

முழுத் தொகுப்பையும் வரி வரியாகக் கையால் திருத்தினேன். அந்த அறையில் மட்டும் கொஞ்ச காலம் என் பெயர் கைமிருகம்.