பெண்ட் பைப்புக்கு ஹீட் பெயிண்ட்: இரண்டாவது முறைதான் நின்றது

வேலைக்கு எடுத்தது பைக்கின் பெண்ட் பைப், அதாவது இஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுபோகும் வளைந்த குழாய். மைல்ட் ஸ்டீல், 32 மி.மீ. விட்டம், 60 செ.மீ. நீளம். பெயிண்ட், 600 டிகிரி தாங்கும் சிலிக்கோன் அலுமினியம் ஸ்ப்ரே கேன்.

முதல் முறை பூசியது இஞ்சின் பக்கம் கொப்புளித்து, நகம் பட்டாலே சில்லு சில்லாக வந்தது. உரிந்த சில்லைத் திருப்பிப் பார்த்தால் காரணம் அதிலேயே இருக்கும். அடியில் பழுப்புத் தூள் ஒட்டியிருந்தால் துரு முழுதாகப் போகவில்லை. அடி சுத்தமாக இருந்து, உடைந்த ஓரத்தில் ஊசிமுனை அளவு ஓட்டைகள் தெரிந்தால் பூச்சு கனம். இந்தப் பைப்பில் இரண்டுமே இருந்தன.

வழக்கமான ரெட் ஆக்சைடு பிரைமரை இதற்கு அடியில் அடிக்கவே கூடாது. அந்தப் பிரைமரைப் பிடித்து வைத்திருக்கும் பிசின் (ரெசின்) இந்தச் சூட்டில் கருகிப் பொடியாகும். மேலே இருக்கும் நல்ல பெயிண்டையும் சேர்த்துத் தள்ளிவிடும். சிலிக்கோன் பெயிண்ட் வெறும் இரும்பின் மேல் நேரடியாக உட்கார வேண்டியது.

அதனால் இரண்டாவது முறை சாண்ட் பிளாஸ்டிங், அதாவது மணலைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சித் துருவை எடுப்பது. அந்த வசதி இல்லாதவர்கள் வயர் பிரஷ் போட்டுத் துருவை எடுத்தபின் 80-ஆம் நம்பர் எமரி தாளால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்க்கலாம். வயர் பிரஷ்ஷோடு நிறுத்தினால் இரும்பு பளபளக்கும், ஆனால் பெயிண்ட் பிடிக்கச் சொரசொரப்பு இருக்காது. பிறகு தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால், துணியில் கறை வருவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். அதன்பின் கையுறை இல்லாமல் தொடவே வேண்டாம். விரல் வியர்வையின் உப்பு பட்ட இடத்தில்தான் துரு முதலில் கிளம்பும். கடலோர ஊர்களில் தேய்த்த இரும்பு சில மணி நேரத்திலேயே மங்கத் தொடங்கும், எனவே பூச்சும் அன்றைக்கே.

இப்போது கனம். ஒரு கோட் காய்ந்தபின் 20 முதல் 25 மைக்ரான் (ஒரு மைக்ரான் மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அப்படி இரண்டு கோட், அவ்வளவுதான். இந்தப் பைப்பின் மேற்பரப்பு சுமார் 600 சதுர செ.மீ.; காற்றில் போவதையும் சேர்த்தால்கூட 30 மில்லி பெயிண்ட் போதும். கேனில் மிச்சம் இருக்கிறதே என்று மூன்றாவது, நான்காவது கோட் அடிக்கும்போதுதான் கெடுகிறது. மேல்தோல் முதலில் இறுகிவிட, உள்ளே மாட்டிய தின்னர் சூட்டில் ஆவியாகிக் கொப்புளமாகக் கிளம்பும். கேனை 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, கை நிற்காமல் போக வேண்டும். வளைவின் உள்பக்கம் தானாகவே இரட்டிப்பாக விழும், அங்கே கை இன்னும் வேகமாக.

அடித்த பெயிண்ட் ஒரு நாள் காய்ந்தாலும் வேலை முடியவில்லை. சிலிக்கோன் ரெசின் முழுதாக இறுக 200 டிகிரிக்கு மேல் வேண்டும். பைப்பை மாட்டி, இஞ்சின் முன்னால் ஃபேன் வைத்து, 5 நிமிடம் ஐடிலிங் (வண்டியை நிறுத்தியபடி, ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் இஞ்சினை ஓடவிடுவது). முழுதாக ஆறவிட்டு 10 நிமிடம். மறுபடி ஆறவிட்டு 20 நிமிட ஓட்டம். முதல் சூட்டில் புகையும் நாற்றமும் வரும், திறந்தவெளியில் செய்யுங்கள். சமையல் ஓவனில் வைக்கவே வேண்டாம்.

சூடு அளப்பதில் ஒரு சிக்கல். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வெள்ளிப் பூச்சில் குறைத்துக் காட்டும். சட்டைப் பட்டன் அளவுக்குக் கறுப்பு ஹீட் பெயிண்ட் பொட்டு வைத்துப் பார்த்ததில், பொட்டில் 210, பக்கத்திலேயே வெள்ளியில் 130! வெள்ளியை நம்பினால் இன்னும் சூடேற்றத் தோன்றும்.

சைலன்சர் பக்க முனை ஐடிலிங்கில் 200 டிகிரியை எட்டவில்லை. தின்னர் துணியால் தேய்த்ததில் துணியில் வெள்ளி ஏறியது, அதாவது இறுகவில்லை. அந்த 15 செ.மீ. நீளத்துக்கு மட்டும் ஹீட் கன் பிடித்து, பொட்டில் 220 காட்டும்படி அரை மணி நேரம் வைத்தபின் துணி சுத்தமாக வந்தது.

இப்போதைக்குக் கொப்புளம் எங்கும் இல்லை. கிளாம்ப் இறுக்கிய இடத்தில் மட்டும் பூச்சு நசுங்கி இரும்பு தெரிகிறது. அந்த இடத்தை எமரி போட்டு, பிரஷ்ஷால் தொட்டு, மறுபடி சூடேற்ற வேண்டியிருக்கிறது.