பூட்டனின் செபமாலை
அம்மம்மாவின் றங்குப்பெட்டிக்குள் பூட்டனின் செபமாலை இருந்தது, உடைந்த ஒரு மணிக்குப் பதிலாகச் சட்டைப் பொத்தான் கோத்திருந்தார்.

வயல் காவலுக்குப் போன இடத்தில் பாம்பு கடித்து விழுந்த பூட்டனுக்கு, பக்கத்து வளவுக்காரர் மன்னார் மடு மாதா கோயில் மண்ணைக் கரைத்துக் கொடுத்து மூன்று இரவு நித்திரை கொள்ளாமல் பக்கத்திலேயே இருந்தாராம். மண்ணைவிட அந்த மூன்று இரவுகள்தான் தன்னை மாற்றியது என்று பூட்டன் சொல்லுவார் என்பது அம்மம்மா சொன்ன கதை. பிறகு நடந்தே மடுவுக்குப் போய் ஞானஸ்நானம் பெற்றார். கூடப்பிறந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள், ஆனாலும் ஒவ்வொரு பொங்கலுக்கும் புது நெல்லில் முதல் மூட்டை அண்ணன் வீட்டு வாசலுக்குத்தான் போனது.

ஒல்லாந்தருக்குப் பயந்து 1670இல் மாந்தையிலிருந்து மாதா சொரூபத்தைக் காட்டுக்குள் கொண்டுவந்த சனங்களின் பாதையில்தான் அவரும் நடந்திருக்கிறார். வருகிற ஆகஸ்ட் 15 திருவிழாவுக்கு நானும் நடந்துதான் போகிறேன், அந்தப் பொத்தானை மாற்றாமல்.