வேலை பாத்துக்கிட்டே பாளையில பிஎச்டி முடிச்ச அனுபவம்

பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரில நாட்டார் வழக்காற்றியல்ல பார்ட் டைம் பிஎச்டி முடிச்சேன், எப்படினு நெறைய பேர் கேக்காவ, அதான் எழுதுதேன். 1923ல இயேசு சபைக்காரங்க ஆரம்பிச்ச காலேஜ், பட்டம் குடுக்கது மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். நம்மூரு சுடலைமாடன் கோயில் கொடையையும் (திருவிழா) அதுல பாடுற வில்லுப்பாட்டையும் பாடமா வச்சு ஆராய ஒரு துறையே இருக்குங்கது எனக்கு இன்னைக்கும் பெருமைதான்.

முதல்ல என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று. வேலை பாக்குற இடத்துல எழுதி வாங்கணும், பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதி அது. எனக்கு அது டேபிள் டேபிளா சுத்திட்டு வந்துச்சு, அதனால என்ட்ரன்ஸுக்குப் படிக்கும்போதே கேட்டு வச்சிருங்க. எம்ஏல பொதுவா 55 சதவீதம் வேணும், கோர்ஸ் ஒர்க்னு படிக்க வேண்டிய பாடங்க குறைஞ்சது 12 கிரெடிட், மொத்தம் 3 வருஷத்துல இருந்து 6 வருஷம், பெண்களுக்கு 2 வருஷம் கூடுதலா கிடைக்கும்.

பீல்டு ஒர்க்குக்குத்தான் லீவை சேத்து வைக்கணும், ஏன்னா நம்ம ஆராய்ச்சியைப் பாக்குற கமிட்டி கூடுற தேதிய மாத்தலாம், கொடை தேதிய மாத்த முடியாது. ராத்திரி முழுக்க உக்காந்து ரெக்கார்ட் பண்ணி வீட்டுல வந்து கேட்டா வில்லு மணிச் சத்தமும் குடமும்தான் கேக்குது, பாட்டு வரி பாதி புரியல. சரி பகல்ல போயி வில்லு இல்லாம பாடச் சொல்லலாம்னு ஒரு அண்ணாவி (வில்லுப்பாட்டுல முன்னால நின்னு பாடுறவங்க) வீட்டுக்குப் போனா, "வீசுகோலு கையில இல்லாம எனக்கு வரி வராதேம்மா"ங்காவ. வீசுகோல்னா வில்லுல அடிக்கிற குச்சி. ரெண்டு வரி பாடுவாவ, கை தானா தொடையில அடிக்கும், அதோட நின்னுரும். அப்புறம் ஆடியோவையே போட்டுக் காமிச்சு, அவுக ஒவ்வொரு வரியா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எங்க கைடு அதையே ஒரு தனி அத்தியாயமா எழுதச் சொன்னாங்க, தீசிஸ்ல உருப்படியானது அதுதான்னு நினைக்கேன்.

கடைசில சிமிலாரிட்டி செக், அதாவது மத்தவங்க எழுதினதோட நம்ம தீசிஸ் எவ்வளவு ஒத்துப்போகுதுனு பாக்கது, 10 சதவீதத்துக்குள்ள இருக்கணும். அச்சுல வந்த பாட்டு வரிய எடுத்தா மேற்கோள் குறி போட்டு எங்க எடுத்ததுனு குறிச்சிருங்க, இல்லனா அதுவும் கணக்குல சேந்துரும். வைவாங்கிற வாய்மொழித் தேர்வ யாரு வேணாலும் வந்து உக்காந்து பாக்கலாம்ங்கதால அண்ணாவியையும் கூப்பிட்டேன், தேர்வாளர் எங்கிட்ட கேட்ட ஒரு கேள்விக்கு அவுகளே எந்திரிச்சு பதில் சொன்னாவ.